‘காசு கொடுத்தாச்சுங்களே’ என்கிறார்: வரைந்த படங்கள் யாருக்குச் சொந்தம்?

கேள்வி: நான் மதுரையில் ஃப்ரீலான்ஸராக இருக்கிறேன். ஓவியம், குரல் பதிவு, வீடியோ எடிட்டிங் மூன்றும் செய்வேன். ‘சேர்ந்து வேலை செய்ய ஆள் தேவை’ என்று நான் போட்ட அறிவிப்பைப் பார்த்துவிட்டு, கோவையிலிருந்து ஒரு கதாசிரியர் பேசினார். அவருடைய சிறுவர் கதைக்கு 48 படங்கள் வரைந்தேன். கதையை வாசித்துப் பதிவு செய்து, யூடியூபுக்காக எடிட்டும் செய்து கொடுத்தேன். “லாபத்துல பாதி உங்களுக்குங்க, பேரும் சேர்த்தே போட்டுக்கலாம்” என்று வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தார். இடையில் 8,000 ரூபாய் ஜிபேயில் வந்தது. இப்போது புத்தகமும் வீடியோவும் அவர் பெயரில் மட்டும் வெளியாகியுள்ளன. கேட்டால், “அதான் காசு கொடுத்தாச்சுங்களே, படமெல்லாம் என்னுது” என்கிறார். கையெழுத்திட்ட ஒப்பந்தம் எதுவும் இல்லை. என்ன செய்யலாம்?

– வாசகி, மதுரை

பதில்: மூன்று வேலைகளையும் ஒரே மூட்டையாகக் கட்டி ‘என் உழைப்பு’ என்று வாதாடாதீர்கள். பதிப்புரிமைச் சட்டம், 1957 ஒவ்வொன்றையும் தனித்தனியாகத்தான் பார்க்கிறது. ஒன்றில் உங்கள் கை வலுவாக இருக்கிறது. இன்னொன்றில் கையில் எதுவுமே இல்லை.

முதலில் படங்கள். படைத்தவரே முதல் உரிமையாளர் என்பது 17ஆம் பிரிவின் பொது விதி. அதே பிரிவில் ஒரு விலக்கும் உண்டு. ஒருவர் கேட்டுக்கொண்டதால், பிரதிபலன் (பணமோ அதற்கு ஈடான வேறெதுவோ) பெற்று வரைந்த ஓவியம் என்றால், மாறான ஒப்பந்தம் இல்லாதபோது, கேட்டவரே முதல் உரிமையாளர் ஆகிவிடுவார். “காசு கொடுத்தாச்சு” என்று அவர் அழுத்திச் சொல்வது இதை வைத்துத்தான். ஆகவே அந்த 8,000 ரூபாய் எதற்காக வந்தது என்பதில்தான் உங்கள் வழக்கே இருக்கிறது.

பணம் வந்த நாளின் உரையாடலைத் திறந்து, அதற்கு முன்னும் பின்னும் உள்ள செய்திகளைப் படியுங்கள். ‘செலவுக்கு வச்சுக்கங்க’, ‘அட்வான்ஸ்’ என்று ஏதாவது இருந்தால், அது படங்களின் விலை அல்ல என்று வாதிடலாம். ஜிபேயில் பணத்தோடு குறிப்பு எழுதி அனுப்பியிருக்கிறாரா என்றும் பாருங்கள். 48 படங்களுக்கு 8,000 என்றால் படத்துக்கு 167 ரூபாய்கூட வரவில்லை. தொகை குறைவு என்பதாலேயே அது பிரதிபலன் அல்ல என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் ‘முழு விலையும் கொடுத்துவிட்டேன்’ என்ற அவருடைய பேச்சை அது தளர்த்தும்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய ஆதாரம் “லாபத்துல பாதி” என்ற அந்த ஒரு வரி. ‘மாறான ஒப்பந்தம்’ கையெழுத்திட்ட பத்திரமாகத்தான் இருக்க வேண்டும் என்று 17ஆம் பிரிவு சொல்லவில்லை. நீதிமன்றம் அவரையே உரிமையாளராகக் கொண்டாலும், பாதி லாபம் தருவதாக ஒப்புக்கொண்ட கடமை ஒப்பந்தச் சட்டப்படி தனியாக நிற்கும். ‘உரிமையை எனக்கே எழுதிக் கொடுத்துவிட்டார்’ என்று அவர் பிற்பாடு கட்சி மாற்றவும் வழியில்லை. 19ஆம் பிரிவின்படி, உரிமை மாற்றம் உங்கள் கையெழுத்தோடு எழுத்தில் இருந்தால்தான் செல்லும்.

பெயர் விஷயத்தில் தயக்கமே வேண்டாம். உரிமை யாரிடம் இருந்தாலும், ‘இதை வரைந்தது நான்’ என்று கோரும் உரிமையை 57ஆம் பிரிவு படைப்பாளியிடமே விட்டுவைத்திருக்கிறது.

குரலுக்கும் பாதுகாப்பு உண்டு. வாசித்தவர் சட்டத்தின் பார்வையில் ‘நிகழ்த்துநர்’. வணிகப் பயன்பாட்டில் ராயல்டி கேட்க 38ஏ பிரிவும், பெயர் கேட்க 38பி பிரிவும் துணை நிற்கும். எடிட்டிங்கில்தான் ஏமாற்றம்: வீடியோவின் படைப்பாளி தயாரிப்பாளர், எடிட்டருக்குத் தனிப் பதிப்புரிமை இல்லை. அதற்குக் கூலி மட்டுமே கேட்கலாம். கதையிலும் பங்கு கேட்காதீர்கள். உங்கள் படமும் அவர் எழுத்தும் பிரித்துப் பார்க்கக்கூடியவை என்பதால் அது கூட்டுப் படைப்பு ஆகாது.

இந்த வாரமே செய்ய வேண்டியது ஆதாரங்களைப் பத்திரப்படுத்துவது. வாட்ஸ்அப்பில் மறையும் செய்திகள் வசதி போடப்பட்டிருந்தால் உடனே நிறுத்துங்கள். உரையாடலை மீடியாவோடு சேர்த்து எக்ஸ்போர்ட் செய்யுங்கள். போனை மாற்றவோ ரீசெட் செய்யவோ வேண்டாம். லேயர்கள் பிரிந்திருக்கும் மூலக் கோப்புகளும், பென்சிலில் போட்ட முதல் ரஃப்களும் மிக முக்கியம். முடிந்த படத்தை யாரும் நகலெடுக்கலாம், ஆனால் மூலக் கோப்பையும் ரஃப்பையும் காட்ட வரைந்தவரால்தான் முடியும். வெறும் ஸ்கிரீன்ஷாட்டை நீட்டிப் பலர் தோற்கிறார்கள். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதிநியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி, மின்னணு ஆதாரத்தோடு சான்றிதழும் தர வேண்டும். அதில் ஒரு பகுதி உங்கள் கையெழுத்துக்கு, இன்னொன்று நிபுணரின் கையெழுத்துக்கு. கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் அடையாளக் குறியீடான ஹாஷ் மதிப்பும் அதில் இருக்க வேண்டும்.

அடுத்து, வழக்கறிஞர் மூலம், டெலிவரிச் சான்று கிடைக்கும்படி ஸ்பீடு போஸ்டில் நோட்டீஸ். பெயர் சேர்க்க வேண்டும், விற்பனை மற்றும் யூடியூப் வருமானக் கணக்கைக் காட்ட வேண்டும், பாதியைத் தர வேண்டும் என்று மூன்றையும் கேட்டு 15 நாள் அவகாசம் கொடுங்கள். எடுத்தவுடன் யூடியூபில் பதிப்புரிமைப் புகார் போடுவதை நான் ஆதரிக்க மாட்டேன். இந்த வேலைக்காகவே நீங்கள் மனமுவந்து கொடுத்த படங்கள் அவை. ‘சம்மதத்தோடுதான் போட்டேன்’ என்று அவர் சொன்னால் புகார் பலவீனப்பட்டுவிடும். உங்களுக்கு வர வேண்டிய வருமானமும் நின்றுபோகும்.

நோட்டீஸுக்குப் பதில் இல்லையென்றால் கோவைக்கு அலைய வேண்டாம். பதிப்புரிமை மீறல் வழக்கை நீங்கள் வசிக்கும் இடத்திலேயே போட 62ஆம் பிரிவு இடம் தருகிறது. பணம் கோர மூன்று ஆண்டுதான் காலவரம்பு, அதைத் தவறவிடாதீர்கள். வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்குச் சட்ட உதவி இலவசம் என்பதால், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவையும் அணுகலாம்.

அடுத்த முறை ‘சேர்ந்து செய்வோம்’ என்று யார் வந்தாலும், முதல் கோடு போடும் முன் ஒரு பக்க ஒப்பந்தம் கையெழுத்தாகட்டும். எந்தப் படைப்பு, எந்தெந்த உரிமை, எத்தனை ஆண்டு, எந்தெந்த நாடு, எவ்வளவு பணம், பெயர் எங்கே வரும் என எல்லாம் அதில் வேண்டும். ஆண்டு குறிக்காவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், நாடு குறிக்காவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டமே எடுத்துக்கொள்ளும். ‘பாதி’ என்று எழுதினால், மொத்த வரவில் பாதியா, செலவு போக மீதியில் பாதியா என்பதையும் சேர்த்து எழுதிவிடுங்கள்.