வண்டியை உயர்த்தும் லிஃப்ட் கிட் போட்ட பிறகு என் டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப்பின் பின்பக்கம் கீச்சிடுகிறது. ஓடஓடச் சரியாகிவிடும் என்கிறார் கடைக்காரர். உண்மையா?

சரியாகாது. எனக்கும் இதையேதான் சொன்னார்கள். "லாமா லாமா ஓகே லா" (போகப்போகச் சரியாகிவிடும்) என்றார் தவுக்கே, அதாவது கடை முதலாளி. நானும் நம்பி நான்கு மாதம் ஓட்டினேன். சத்தம் குறையவில்லை, வளர்ந்தது. பினாங்கின் பிறை ஊரில் எங்கள் தாமானுக்குள் (குடியிருப்பு) நுழைந்தால் ஐந்து வேகத்தடை. ஐந்திலும் கீச், கீச். நான் வீடு வருவது கேட் திறக்கும் முன்பே என் மாமியாருக்குத் தெரிந்துவிடும்.

என் வண்டியும் டபுள் கேப் ஹைலக்ஸ்தான். 2 அங்குல கிட். பின்னால் புது லீஃப் ஸ்பிரிங் (அடுக்குப் பட்டை ஸ்பிரிங்), அதன் பின்முனையைச் சேஸிஸோடு இணைக்கும் ஷாக்கிள், அப்சோபர் (அதிர்வு தாங்கி); முன்னால் உயரமான காயில். (ஜேபிஜே என்ற சாலைப் போக்குவரத்துத் துறையின் அனுமதி விவகாரம் தனிக்கதை, அதை இங்கே கிளறவில்லை.)

எனக்கு முதல் துப்பு தைப்பூசத்தன்று கிடைத்தது. தண்ணீர்ப் பந்தலுக்காகக் குடிநீர் பெட்டி இருபது ஏற்றிக்கொண்டு பாலம் தாண்டிப் பினாங்குத் தீவுக்குப் போனேன். பெட்டிக்கு 18 கிலோ, மொத்தம் 360 கிலோ. போகும்போது ஒரு சத்தமும் இல்லை. இறக்கிவிட்டுத் திரும்பினால் மறுபடி கீச். இன்னொன்றும் பிறகு கவனித்தேன்: நல்ல மழையில் ஓட்டினால் சத்தம் அடங்கிவிடும், வெயில் ஏறியதும் திரும்பி வரும். இந்த இரண்டும் உங்கள் வண்டியிலும் இருந்தால் எதுவும் உடைந்திருக்க வாய்ப்பு குறைவு. எங்கேயோ ஒரு புஷ் (இணைப்பில் இரும்போடு இரும்பு உரசாமல் வைக்கும் மெத்தை வளையம்) காய்ந்து கிடக்கிறது.

காரணம் இதுதான். கம்பெனியில் வரும் ரப்பர் புஷ் பல இடங்களில் உள்ளே இருக்கும் இரும்புக் குழாயோடு ஒட்டியே இருக்கும். ஸ்பிரிங் அசையும்போது ரப்பர் முறுக்கிக்கொடுக்கும், எதுவும் உரசாது. லிஃப்ட் கிட்களில் பெரும்பாலும் வருவது பாலியூரித்தேன் (கெட்டியான பிளாஸ்டிக் மாதிரி) புஷ். அது குழாயோடு ஒட்டியிருக்காது, குழாயின் மேல் சுழலும். நடுவில் கிரீஸ் இல்லையென்றால் கொஞ்சம் பிடிக்கும், வழுக்கும், மறுபடி பிடிக்கும். ஊஞ்சல் கொக்கி கீச்சிடுவதும் இப்படித்தான். வண்டியில் சுமை ஏறினால் ஸ்பிரிங் தட்டையாகி ஷாக்கிள் வேறு கோணத்துக்குப் போய்விடும், உரசும் இடமும் மாறிவிடும். அதனால்தான் தண்ணீர்ப் பெட்டி ஏற்றியபோது சத்தம் அடங்கியது.

ஊஞ்சலுக்கு விடுவதுபோல இதற்கும் எண்ணெய் விடலாமே என்று தோன்றும். வேண்டாம். டபிள்யூடி-40 அடித்தால் இரண்டு நாள் அமைதி, அப்புறம் முன்னைவிட மோசம். உள்ளே மிச்சம் இருக்கும் கிரீஸையும் அது கழுவிக்கொண்டு போய்விடும், பக்கத்தில் இருக்கும் ரப்பருக்கும் ஆகாது. கண்டுபிடிக்கும் வேலைக்கு வெறும் தண்ணீர் போதும்: மழையில் அடங்கியது போலவே, கத்தும் புஷ்ஷில் பட்டதும் சத்தம் நிற்கும்.

துணி இஸ்திரி போடும்போது தெளிப்போமே, அந்தப் பாட்டில் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். வண்டி நான்கு சக்கரத்தில் தரையிலேயே நிற்கட்டும், ஜாக் வேண்டாம். முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். யாராவது ஒருவர் பின் பம்பரில் ஏறிக் குதிக்க வேண்டும். எனக்கு மச்சான் கிடைத்தார், 90 கிலோ, இந்த வேலைக்கென்றே பிறந்தவர். அவர் குதிக்க, நான் பக்கவாட்டில் படுத்து டார்ச் அடித்துக் கேட்டேன். முதலில் ஸ்பிரிங்கின் முன்கண்ணில் (முன்முனையில் போல்ட் போகும் வளையம்) மட்டும் தண்ணீர். "குதி மச்சான்." கீச். அடுத்து லீஃப் நுனிகள். கீச். ஷாக்கிளின் கீழ் புஷ். கீச். இடப்பக்க ஷாக்கிளின் மேல் புஷ்ஷில் நான்கு தெளிப்பு தெளித்தேன். சத்தம் கத்தியால் வெட்டியதுபோல நின்றது. மச்சான் நம்பாமல் இன்னும் பத்து முறை குதித்தார்.

ஒரே நேரத்தில் எல்லா இடத்திலும் தண்ணீர் அடித்துவிடாதீர்கள், எது நின்றது என்று தெரியாமல் போய்விடும். விரலை லீஃபுக்கு நடுவிலோ ஷாக்கிளுக்குப் பக்கத்திலோ வைக்காதீர்கள்.

கழற்றும் வேலைக்கு மட்டும் ஜாக் வேண்டும். சேஸிஸை ஸ்டாண்டில் நிறுத்தி, ஆக்சிலைத் தனி ஜாக்கில் தாங்கி, ஸ்பிரிங்கின் அழுத்தம் போன பிறகுதான் ஷாக்கிள் போல்ட்டை உருவ வேண்டும். இது பழக்கமில்லை என்றால் போமனிடம் (மெக்கானிக்) விட்டுவிடுங்கள்.

என் புஷ்ஷை உருவியதும் சங்கதி தெரிந்துவிட்டது. வெளியே விளிம்பில் நீல கிரீஸ் தாராளமாகப் பூசியிருந்தார்கள், பார்க்க அழகாக இருந்தது. உள்ளே துளி இல்லை. இரும்புக் குழாயில் ஒரு பக்கம் வெள்ளி மோதிரம் மாதிரி தேய்ந்து பளபளத்தது, மறுபக்கம் துரு. குழாயைத் துடைத்து, மெல்லிய மணல்தாளால் துருவை எடுத்து, சிலிகான் கிரீஸ் போட்டேன். புஷ்ஷின் உள்பக்கம், வெளிப்பக்கம், அப்புறம் ஷாக்கிள் தட்டில் உரசும் பக்கவாட்டு முகம். இந்த மூன்றாவதை நிறையப் பேர் மறந்துவிடுவார்கள், பாதி கீச் அங்கிருந்துதான் வரும். சாதாரண பேரிங் கிரீஸ் மழைத்தண்ணீரில் சீக்கிரம் கழுவிப்போகும். கிட்டோடு வரும் பாக்கெட் கிரீஸ் அல்லது சிலிகான்தான் நிற்கும். எனக்கு ஒரு ட்யூப் 20 வெள்ளிக்குள் (ரிங்கிட்) முடிந்தது. மாட்டும் முன் இன்னொன்றையும் பாருங்கள்: குழாய் புஷ்ஷைவிடத் துளி நீளமாக இருக்க வேண்டும். குட்டையாக இருந்தால் தட்டுகள் குழாயை விட்டுவிட்டு புஷ்ஷையே கவ்விப் பிடிக்கும். அப்புறம் எத்தனை கிரீஸ் போட்டாலும் கத்தும்.

இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் வண்டியின் வலப்பக்கம் ஒரு விரல் அளவுக்கு உயரமாக நின்றது. என் கிட்டில் ஸ்பிரிங்கின் முன்கண்ணுக்கு மட்டும் ரப்பர் புஷ். வண்டியைத் தூக்கிச் சக்கரம் தொங்கும்போதே அந்த போல்ட்டை இறுக்கிவிட்டிருந்தார்கள். அப்படி இறுக்கினால் வண்டி தரையில் இறங்கியதும் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே மாட்டிக்கொள்ளும். முனகும், சீக்கிரம் கிழியும். வண்டி தரையில் நிற்க, அந்த நட்டை மெல்லத் தளர்த்தினேன். "டொக்" என்று ஒரு சத்தம், வலப்பக்கம் தானாகவே இறங்கியது. நாலு முறை ஆட்டிவிட்டு, கிட் தாளில் போட்டிருந்த அளவுக்கு, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் இறுக்கினேன். உங்கள் கடையிலும் இப்படிச் செய்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு. லிஃப்டில் தூக்கியபடியே இறுக்கிவிட்டு இறக்குவது அவர்களுக்கு வேகமான வேலை.

உங்களுடையது கீச் இல்லாமல் "டக், டக்" என்று இடித்தால் நான் சொன்ன தண்ணீர் வைத்தியம் உதவாது. அது லூசாக இருப்பதன் சத்தம்: யூ-போல்ட் (லீஃபை ஆக்சிலோடு கட்டும் போல்ட்), அப்சோபர் முனை, ஸ்டெபிலைசர் லிங்க். புது லீஃப் போட்டால் முதல் 500 கிலோமீட்டரில் யூ-போல்ட்டை மறுபடி இறுக்கிப் பார்க்க வேண்டும். நின்ற இடத்தில் ஸ்டியரிங் திருப்பும்போது முனகினால் பின்னால் தேடாதீர்கள், முன்பக்க பால்-ஜாயிண்டைப் பாருங்கள். கடற்கரைப் பக்கம் மீன் பிடிக்கப் போகிறவர் என்றால் லீஃப் நுனிகளில் இருக்கும் நைலான் பட்டைகளில் மணல் சேர்ந்திருக்கும், நன்றாகக் கழுவிவிட்டு அப்புறம் கேளுங்கள். அங்கே எண்ணெய் விட்டால் இன்னும் மணல்தான் ஒட்டும்.

இதற்கெல்லாம் முன்பாகப் பின் கதவையும் கேனப்பியையும் (பின்பெட்டிக்கு மேல் போடும் கூரை) கையால் அழுத்திப் பாருங்கள். மச்சானின் நண்பர் ஒருவர் இரண்டு பக்க ஷாக்கிளையும் மாற்றி முடித்த பிறகுதான் கத்தியது கேனப்பி ரப்பர் என்று தெரிந்தது. பாவம், 400 வெள்ளி.

கடைக்குத் திரும்பப் போவதாக இருந்தால் வெறுங்கையோடு போகாதீர்கள். தண்ணீர் அடித்ததும் சத்தம் நிற்பதைக் கைப்பேசியில் வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள். நான் அதைக் காட்டியபோது தவுக்கே இரண்டு முறை போட்டுப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. வலப்பக்க ஷாக்கிளையும் பிரித்து கிரீஸ் போட்டுக் கொடுத்தார், காசு வாங்கவில்லை.