கணுக்கால் அடிக்கடி புரண்டுவிடுபவர்கள் உடலின் சமநிலையைக் கைப்பேசியைக் கொண்டு அளக்க முடியுமா?

முடியும். ஆனால் கைப்பேசி அளப்பது கணுக்காலை அன்று, அதற்கு மேலே நிற்கும் உடலின் ஆட்டத்தை. என் வலது பாதம் மூன்று முறை உட்பக்கமாகப் புரண்டு வெளிப்புறத் தசைநார் இழுபட்ட பிறகு, பயிற்சியால் பலன் கிடைக்கிறதா என்று அறிய நானும் இம்முறையைப் பயன்படுத்தினேன்.

கைப்பேசிக்குள் இருக்கும், அசைவின் வேக மாற்றத்தை அளக்கும் முடுக்கமானியின் அளவுகளைப் பதிவு செய்ய, ஜெர்மனியின் ஆகன் நகரப் பல்கலைக்கழகத்தில் உருவான ஃபைபாக்ஸ் என்னும் இலவசச் செயலியே போதும். உடலின் ஈர்ப்பு மையத்துக்கு அருகில் அமையும்படி, கைப்பேசியைக் கீழ்முதுகில் பட்டையால் இறுகக் கட்ட வேண்டும். அது 1 டிகிரி சாய்ந்தாலே புவியீர்ப்பின் ஒரு பகுதி, கிடைமட்ட அச்சில் ஏறக்குறைய 0.17 மீ/வி² ஆகச் சேர்ந்துவிடும். அசையாமல் நிற்பவரிடம் பதிவாகும் அளவுகளே மிகச் சிறியவை என்பதால், பட்டை தளர்ந்தால் அந்தப் பதிவை ஒதுக்கிவிடுவதே நல்லது.

சுவருக்கு அருகில், வெறுங்காலுடன், கைகளை இடுப்பில் வைத்து, கண்களை மூடி, ஒற்றைக் காலில் 20 வினாடி நிற்க முயன்றேன். அப்போது எடுத்த காணொளியில் பாதத்தின் மேற்புற நாண்கள் புடைத்துப் புடைத்து அடங்கின, விரல்கள் தரையைக் கவ்விக்கொண்டிருந்தன. செயலி காட்டிய வரைகோடோ ஏறத்தாழ அமைதியாகவே ஓடியது. பாதம் சரிசெய்தது போக மிஞ்சும் ஆட்டம்தான் இடுப்பை எட்டுகிறது. ஆகவே கோடு அமைதியாக இருப்பதைக் கண்டு கணுக்கால் தேறிவிட்டது என்று கொள்ளக் கூடாது. ஆய்வகங்களில் பயன்படும், மேலே ஏறி நின்றால் பாதம் தரும் விசையை அளக்கும் விசைத்தட்டு, பாதத்தின் அழுத்த மையம் நகர்வதையே நேரடியாகக் காட்டும். கைப்பேசிக்கு அந்த வசதி இல்லை.

இன்னொரு தவற்றை நான் தொடக்கத்திலேயே செய்தேன். 14-ஆம் வினாடியில் மறுகால் தரையைத் தொட்டபோது கோட்டில் எழுந்த பெரிய முகட்டையும் சேர்த்துச் சராசரி எடுத்துவிட்டேன். கால் ஊன்றிய கணத்தோடு பதிவை முடித்து, எத்தனை வினாடி நின்றோம் என்பதைத் தனியாகக் குறிப்பதே முறை.

முதல் ஓரிரு முயற்சிகள் பழகுவதற்கே போய்விடும்; அவற்றைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். வேறொருவரின் எண்ணோடும், வேறு கைப்பேசியின் எண்ணோடும் ஒப்பிடாதீர்கள். காயத்துக்குப் பின் நல்ல காலின் சமநிலையும் குறைந்திருக்கலாம் என்பதால், அதையும் முழுமையான அளவுகோலாகக் கொள்ள முடியாது. ஒரே கைப்பேசி, ஒரே தரை, ஒரே நேரம் என்று வைத்துக்கொண்டு வாரந்தோறும் எடுத்த பதிவுகளே எனக்குப் பயன்பட்டன.

ஆறு வாரத்தில் 20 வினாடியும் நிற்க முடிந்தது. இருந்தும் படியிறங்கும்போது கால் நழுவுவது போன்ற உணர்வு நீங்கவில்லை. தசைநார் தளர்ந்திருக்கிறதா என்பதை இயன்முறை மருத்துவர் குதிகாலைப் பிடித்து முன்னே இழுத்துப் பார்த்த பிறகே அறிய முடிந்தது.