ஏரிக்கரை வீடு வேண்டாம், தம்பி

முக்கூடலிலிருந்து கேட்டிருந்தீர்கள்: மனைவிக்குக் கலிபோர்னியாவில் பிராலி ஊரில் நர்ஸ் வேலை, நாலு வயது மகனுக்கு வீசிங் உண்டு, சால்ட்டன் ஏரிக்கரையில் சால்ட்டன் சிட்டியில் குறைந்த வாடகைக்கு வீடு கிடைக்கிறது, எடுக்கலாமா என்று. எடுக்காதீர்கள், தம்பி.

எனக்குப் பாளையங்கோட்டை. 2012 ஜனவரியில் அதே கரையில்தான் வீடு பார்த்தேன். இளவெயில், அலையில்லாத தண்ணீர், கூட்டம் கூட்டமாகக் கூழைக்கடா. நம் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்கே வந்துவிட்டது போல இருந்தது. வீடு காட்டியவர் கோடையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. வெயில் 45 டிகிரியைத் தாண்டியது. செப்டம்பரில் பெருங்காற்று ஏரியைக் கலக்கியதும் அடியில் கிடந்த வாயு கிளம்பி அழுகின முட்டை நாற்றம். அந்த முறை 200 கிலோமீட்டருக்கு அப்பால் லாஸ் ஏஞ்சல்ஸ் வரை போனது. ஆனால் நாற்றம் நாலு நாளில் போய்விடும். நான் பயப்படுவது தூசிக்குத்தான்.

நம் ஊர்க் குளத்துக்கு மறுகால் உண்டு. நிரம்பினால் அடுத்த குளத்துக்குத் தண்ணீர் போகும். வற்றினால் அடியில் படிந்த கரம்பை மண்ணை அள்ளி வயலில் போடுவோம். இந்த ஏரி கடல் மட்டத்துக்கு 70 மீட்டர் கீழே கிடக்கிறது, மறுகாலே கிடையாது. 1905இல் கால்வாய் உடைந்து கொலராடோ ஆறு இரண்டு வருஷம் பள்ளத்தில் பாய்ந்து உண்டானது. அப்புறம் அதை நிரப்பியது வயல்களின் வடிகால் தண்ணீர்தான். உரமும் பூச்சிமருந்தும் உப்பும் உள்ளே வரும், தண்ணீர் மட்டும் ஆவியாகும். இன்று கடலைவிட உப்பு. 2003 ஒப்பந்தப்படி பாசனத் தண்ணீரில் ஒரு பங்கு சான் டியாகோ பக்கம் போகிறது. அதற்கு ஈடாக ஏரிக்கு விட்ட தண்ணீரும் 2017 முடிவோடு நின்றது. ஏரி உள்வாங்கிக்கொண்டே போகிறது. வெளியே வந்த தரையில் ஆர்சனிக், செலினியம் போன்ற நச்சுகள் எல்லாம் இருக்கிறது. காற்று கிளப்பினால் மாவு போலப் பறக்கும். இந்தக் கரம்பையை யாரும் வயலில் போட முடியாது, தம்பி.

எங்கள் மகளுக்கு அதற்கு முன் வீசிங் இருந்ததில்லை. இரண்டாவது வருஷம் ஒரு காற்று நாளில், நடு ராத்திரி, மூச்சு இழுத்துக்கொண்டது. மருத்துவமனைக்கு அரை மணிக்கு மேல் கார் ஓட்ட வேண்டியிருந்தது. பின்னால் அவள் அம்மா முதுகைத் தடவியபடி பேசிக்கொண்டே வந்தாள். ஏரியால்தான் என்று எந்த டாக்டரும் எழுதித் தரவில்லை. ஆனால் காற்றடித்த ராத்திரிகளில்தான் அது வந்தது. அடுத்த மாதமே வீட்டைக் காலி செய்தோம்.

சரி, பிராலியில் தூசி இல்லையா? உண்டு. பாலைவனத் தூசி, உழவுத் தூசி, ஏரித் தூசி எல்லாம் அங்கேயும் வரும். இந்த மாவட்டம் முழுக்கவே பிள்ளைகளுக்கு ஆஸ்துமா அதிகம். ஆனாலும் மருத்துவமனை கூப்பிடு தூரத்தில் இருக்கும், வேலையும் பக்கம். வாடகை கூடுதலானாலும் அங்கேயே பாருங்கள். மகன் படுக்கும் அறைக்கு ஒரு நல்ல காற்று வடிகட்டி வாங்குங்கள். சில பள்ளிகளில் காற்றின் தரம் காட்ட வண்ணக் கொடி ஏற்றுகிறார்கள். சிவப்பென்றால் வெளியே விளையாட விடாதீர்கள். ஊரில் காட்டும் டாக்டரிடம் மருந்து விவரத்தை ஆங்கிலத்தில் எழுதி வாங்கி வாருங்கள்.

மீன் குறைந்து கூழைக்கடாக்களும் குறைந்துவிட்டன. டிசம்பரில் தென்கரைக்கு வெள்ளை வாத்துகள் இன்னும் வருகின்றன. காற்றில்லாத ஒரு காலையில் உங்கள் மகனை நானே கூட்டிப்போய்க் காட்டுகிறேன்.