பெடல் எப்படி இறங்குகிறது?

வண்டி பிரேக் பற்றிக் கேள்வி அனுப்பும்போது "பிரேக் லூஸா இருக்கு" என்று மட்டும் எழுதினால், நான் திரும்ப உங்களைத்தான் கேள்வி கேட்க வேண்டியிருக்கும். பஞ்சு மாதிரி அமுங்குகிறதா, மிதித்தபடியே இருந்தால் கீழே போகிறதா, இரண்டாவது மிதிக்குத்தான் பிடிக்கிறதா? மூன்றுக்கும் பெரும்பாலும் வேறு வேறு காரணம். இந்த முறை எழுதியவர்கள் பரவாயில்லை, விவரமாகவே எழுதியிருக்கிறார்கள். அவர்கள் கேள்வியும் அதற்கு என் பதிலும் அடுத்தடுத்து.

12 வருஷப் பழைய பிக்கப். பாலக்கோட்டிலிருந்து தக்காளி ஏற்றுகிறேன். முதல் மிதியில் பெடல் பாதிக்கு மேல் இறங்குகிறது. இரண்டு தடவை அடித்தால் மேலே வந்து நன்றாகப் பிடிக்கிறது. ஏர் எடுக்க, அதாவது பிரேக் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றச் சொல்கிறார்கள். எடுக்கலாமா அண்ணா?

அவசரப்படாதீர்கள். பம்ப் பண்ணிய பிறகு பெடல் கல் மாதிரி நிற்கிறதா, அப்போதும் பஞ்சாக இருக்கிறதா என்று பாருங்கள். கல் மாதிரி நின்றால் ஏர் மேல் சந்தேகம் வேண்டாம். பின் சக்கரத்தோடு சுற்றும் டிரம்முக்கும், அதை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கும் ஷூவுக்கும் இடைவெளி கூடிவிட்டது. ஷூ மேலுள்ள லைனிங் தேயத் தேய ஷூவைத் தள்ளிக் கொடுக்க வேண்டிய அட்ஜஸ்டர், பழைய வண்டிகளில் மண்ணும் துருவும் ஏறி இறுகிக் கிடக்கும். டிரம்மைக் கழற்றி அதைச் சுத்தம் செய்து, சக்கரத்தைச் சுற்றினால் லேசாக உரசும்வரை ஷூவை விரித்து, உரசல் போகும் அளவுக்குத் தளர்த்துங்கள். திறந்த கையோடு, மிதிக்கும்போது ஷூவை விரிக்கும் வீல் சிலிண்டரின் ரப்பரைத் தூக்கிப் பாருங்கள். உள்ளே ஆயில் தேங்கியிருந்தால் அதற்கும் காலம் முடிந்தது. பம்ப் பண்ணியும் பஞ்சாகவே இருந்தால்தான் ஏர் எடுக்கும் வேலை.

கிருஷ்ணகிரி டவுனுக்குள் சிக்னலில் மிதித்துக்கொண்டு நிற்கும்போது பெடல் மெதுவாகக் கீழே போகிறது. தரையில் ஒரு சொட்டு ஆயில்கூட இல்லை.

பிரேக் ஆயில் டப்பாவில் மட்டமும் குறையவில்லை என்றால், மிதித்ததும் ஆயிலை அழுத்தி அனுப்பும் மாஸ்டர் சிலிண்டர்தான் பழுது. உள்ளே இருக்கும் ரப்பர் கப் தேய்ந்து, ஆயில் வெளியே வராமல் உள்ளுக்குள்ளேயே பின்னால் கசிகிறது. மட்டம் குறைகிறது, ஆனால் கசிவு கண்ணில் படவில்லை என்றால், அந்த சிலிண்டர் பூஸ்டரோடு (மிதிக்குப் பலம் சேர்க்கும் பாகம்) சேரும் இடத்தையும் டிரம்களின் உள்பக்கத்தையும் பாருங்கள். ரப்பர் கிட் மட்டும் மாற்றினால் செலவு குறையும், ஆனால் சிலிண்டர் உள்சுவரில் கோடோ குழியோ விழுந்திருந்தால் புது ரப்பரும் சீக்கிரம் போய்விடும். நானாக இருந்தால் முழு சிலிண்டரையே மாற்றுவேன். அதுவரை வண்டியை எடுக்காதீர்கள்.

தொப்பூர் கணவாயில் இறங்கும்போது மட்டும் பாதி வழியில் பெடல் பஞ்சாகிறது. கீழே போய் அரை மணி நேரம் நிறுத்தினால் சரியாகிவிடுகிறது. ஏன்?

ஆயில் கொதிக்கிறது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 3 என்ற தரத்தில் வரும் புது ஆயில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ்வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் ஏறியதும் அந்த வரம்பு 140 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. டாட் 4-க்கு 230, ஈரம் ஏறினால் 155. தர்மபுரிப் பக்கமிருந்து சேலம் நோக்கி லோடோடு இறங்கும் வண்டி பிரேக்கையே மிதித்துக்கொண்டு போனால் அந்தச் சூடு வரத்தான் செய்யும். கொதித்த ஆவி அமுங்கும், பெடல் பஞ்சாகும். ஆற நிறுத்தினால் ஆவி திரும்ப ஆயிலில் அடங்கிவிடும். அதனால் சரியானது போலத் தெரிகிறது, அவ்வளவுதான். ஆயில் முழுவதையும் மாற்றுங்கள், அதன்பின் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை. இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்து, இன்ஜின் பிடியில் இறங்குங்கள். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுகிறவர்களை அந்த ரோட்டில் பார்க்கும்போது எனக்கே வயிறு கலங்கும்.

ஓசூரில் இரண்டு தடவை ஏர் எடுத்தும் பஞ்சு போகவில்லை. சமீபத்தில்தான் முன் சக்கர டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பர்களைக் கழற்றி மாட்டினோம்.

கடைசி வரியில் விடை இருக்கிறது! ஏர் எடுக்கத் திறக்கும் சின்னத் திருகு, அதாவது நிப்பிள், காலிப்பரின் மேல்பக்கம் இருக்கிறதா பாருங்கள். இடதும் வலதும் மாறிப் பூட்டியிருந்தால் நிப்பிள் கீழே வந்துவிடும். காற்று மேலேயே தங்கிவிடும், நாள் முழுக்க எடுத்தாலும் வராது. அது சரியாக இருந்தால், ஒருவரை மிதிக்கச் சொல்லிவிட்டு ரப்பர் ஹோஸ்களைப் பிடித்துப் பாருங்கள். உப்பினால் மாற்ற வேண்டும்.

இன்ஜின் ஸ்டார்ட் செய்ததும் மிதித்திருக்கும் பெடல் சற்று இறங்குகிறது. பழுதா?

இல்லை, பூஸ்டர் வேலை செய்கிறது.

வழியில் பிரேக் ஆயில் கிடைக்காவிட்டால் இன்ஜின் ஆயில் ஊற்றலாமா?

வேண்டவே வேண்டாம். ரப்பர் எல்லாம் ஊதிவிடும். ஏற்கெனவே ஊற்றியிருந்தால் மாஸ்டர் சிலிண்டர் கப் முதல் ஹோஸ்வரை மாற்றி, லைனைக் கழுவித்தான் ஓட்ட வேண்டும்.