மதுரை அருகே சிறிய தனியார் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படிப்பது எப்படி இருக்கும்?

பிளஸ் டூ முடித்த மகளை மதுரைக்கு அருகிலுள்ள சிறிய நிகர்நிலைப் பல்கலைக்கழகம் (டீம்டு யுனிவர்சிட்டி) ஒன்றில் பொறியியல் சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் பணக் கணக்கைப் பார்த்துவிடுங்கள். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் மாநில அரசின் பொறியியல் கலந்தாய்வில் இடம்பெறுவதில்லை. ஆகவே கலந்தாய்வு வழியாகச் சேரும் முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்குரிய கல்விக் கட்டணச் சலுகை அங்கே கிடைக்காது.

நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் பாடத்திட்டம், தேர்வு, பட்டம் மூன்றுமே அந்நிறுவனத்தின் பொறுப்பு. 1957-இல் தொடங்கிய தியாகராசர் பொறியியல் கல்லூரி போன்ற தன்னாட்சிக் கல்லூரியில் பாடத்திட்டமும் தேர்வும் கல்லூரியுடையவை என்றாலும், பட்டம் அண்ணா பல்கலைக்கழகத்தினுடையது. பட்டத்தில் இருக்கும் பெயருக்கு நம் ஊரில் தனி மதிப்பு உண்டு என்பதை மறுப்பதற்கில்லை.

சிறிய வளாகத்தின் உண்மையான பலம், ஆசிரியருக்கு மாணவரைப் பெயர் சொல்லித் தெரிந்திருப்பதுதான். தேசிய அறிவியல் அகாதெமிகள் மூன்றும் இணைந்து ஆண்டுதோறும் வழங்கும் கோடைக்கால ஆய்வு உதவித்தொகைக்கு ஆசிரியரின் பரிந்துரைக் கடிதம் தேவை. மாணவரின் வேலையை அருகிலிருந்து பார்த்தவர் எழுதும் கடிதத்துக்கும், நூறு பேருக்கு ஒரே அச்சில் வார்த்த கடிதத்துக்கும் வேறுபாடு நன்றாகவே தெரியும். ஆனால் விருப்பப் பாடங்கள் குறைவாக இருக்கக்கூடும். மத்திய அரசின் இணையவழிப் பாடத் தளமான ஸ்வயத்தில் முடிக்கும் பாடங்களுக்கு அங்கே மதிப்பலகு (கிரெடிட்) தருகிறார்களா என்று கேளுங்கள்.

வேலைவாய்ப்பு விளம்பரப் பலகையை நம்பிவிடாமல், மூன்றாம் ஆண்டு மாணவர்கள் இருவரிடம், ஆய்வகம் மாலையில் திறந்திருக்கிறதா என்று தனியே விசாரியுங்கள்.