சனிக்கிழமை உடம்புக்கு, ஞாயிற்றுக்கிழமை நாக்குக்கு

கேள்வி: வெளியூர்ப் பயணம், வணிக வளாகம், திரையரங்கு எதுவும் இல்லாமல், வீட்டில் இருந்தபடியே ஒரு வார இறுதியை இன்பமாகக் கழிக்க முடியுமா? உங்கள் வீட்டில் என்ன செய்வீர்கள்?

முடியும். எங்கள் வீட்டில் பெரும்பாலான வார இறுதிகள் அப்படித்தான் கழிகின்றன. நாங்கள் வடசென்னையில், தண்டையார்பேட்டையில் குடியிருக்கிறோம். அம்மா, மனைவி, பள்ளியில் படிக்கும் மகள், நான் என்று நான்கு பேர். மனைவியும் நானும் வேலைக்குப் போகிறவர்கள் என்பதால் திங்கள் முதல் வெள்ளி வரை குளியலும் சாப்பாடும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே முடிந்துவிடுகின்றன. ஆகவே, அந்த இரண்டையும் நிதானமாகச் செய்வதற்கென்றே சனி, ஞாயிறை ஒதுக்கி வைத்திருக்கிறோம். சனிக்கிழமை எண்ணெய்க் குளியல், ஞாயிற்றுக்கிழமை மீன். இந்த வரிசையை மாற்றக்கூடாது என்பதில் அம்மா உறுதியாக இருக்கிறார். பல ஆண்டு அனுபவத்தில் நானும் அவர் கட்சிக்கே வந்துவிட்டேன். எண்ணெய் தேய்த்துக் குளித்த அன்று உடம்பு தளர்ந்து, வயிறு மந்தமாக இருக்கும். அன்றைக்கு மீனையோ கறியையோ சாப்பிட்டால் சாப்பாடும் இறங்காது, குளியலின் சுகமும் தங்காது.

‘சனி நீராடு’ என்று ஆத்திசூடியில் ஔவையார் சொன்னதைச் சனிக்கிழமை எண்ணெய் முழுக்கு என்றே எங்கள் வீட்டில் கொள்கிறோம். ஆண்களுக்குப் புதனும் சனியும், பெண்களுக்குச் செவ்வாயும் வெள்ளியும் என்பது ஊர் வழக்கம். வெள்ளிக்கிழமை காலையில் தலைக்கு எண்ணெய் வைத்து, ஊறவிட்டு, அலசி, ஈரம் போக உலர்த்தி, அதன் பிறகு அலுவலகத்துக்குப் பேருந்து பிடிப்பது என் மனைவியால் ஆகிற காரியம் அன்று. அதனால் எங்கள் வீட்டுப் பெண்களும் சனிக்கிழமைக்கே மாறிவிட்டார்கள். தொடக்கத்தில் அம்மா முணுமுணுத்தார். பிறகு, தலைக்கு எண்ணெயே வைக்காமல் இருப்பதைவிட நாள் மாறிப் போவது பரவாயில்லை என்று அவரே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

இந்தக் குளியல் குளியலறையில் தொடங்குவதில்லை, அடுப்படியில்தான் தொடங்குகிறது. மற்ற நாள்களில் குக்கரில் வைக்கும் சோற்றைச் சனிக்கிழமை மட்டும் பானையில் வைத்து வடிக்கிறோம், ஏனென்றால் சீயக்காய்த் தூளைக் கரைக்க வடித்த கஞ்சி வேண்டும். வெறும் தண்ணீரில் கரைத்த சீயக்காய் தலையில் நிற்காமல் வழிந்து ஓடும்; கஞ்சியில் குழைத்தது முடியோடு ஒட்டி நின்று எண்ணெயை எடுக்கும், முடியையும் வறளவிடாது. தூளை அம்மா வீட்டிலேயே கூட்டி, மாவு மில்லில் கொடுத்து அரைத்து வைத்துக்கொள்கிறார். சீயக்காயோடு வெந்தயம், பச்சைப்பயறு, பூலாங்கிழங்கு, காய்ந்த செம்பருத்திப் பூ, ஆவாரம்பூ ஆகியவை சேரும். மிளகாய் அரைத்த கையோடு இதைப் போட்டுவிடக் கூடாது என்பதற்காக மில்காரரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்து, அவர் இயந்திரத்தைத் துடைத்த பிறகுதான் கொடுப்பார். சீயக்காய் கண்ணில் பட்டாலே போதும், மிளகாயும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

எண்ணெய் என்றால் நல்லெண்ணெய்தான். ஓர் இரும்புக் கரண்டியில் எண்ணெயை ஊற்றி, நாலைந்து மிளகும் ஒரு சிட்டிகைச் சீரகமும் போட்டு, அவை பொரிந்து அடங்கியதும் இறக்கி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட வேண்டும். அந்த வாசனை கூடத்துக்கு வந்ததும் மகள் புத்தகத்தை மூடிவிட்டுப் பலகையில் வந்து உட்கார்ந்துவிடுவாள். முதலில் உச்சியில் ஒரு கை எண்ணெய் வைத்து, உள்ளங்கையைக் குவித்து மெல்லத் தட்டித் தட்டி இறக்குவார் அம்மா. அதன் பிறகு நெற்றிப்பொட்டு, காதின் பின்புறம், பிடரி, தோள்பட்டை என்று கை கீழே இறங்கும். தொப்புளிலும் உள்ளங்காலிலும் எண்ணெய் வைக்காமல் விட்டால் அது எண்ணெய்க் குளியலே இல்லை என்பது அவர் கட்சி. விரல் இடுக்குகள், குதிகால் வெடிப்பு, முழங்கைக் கறுப்பு என்று மற்ற நாள்களில் நாம் பார்க்கவே மறந்துபோன இடங்களெல்லாம் அப்போது அவர் கண்ணில் படும். ஒவ்வொன்றுக்கும் ஒரு திட்டும் கிடைக்கும். அரைமணி நேரம் ஊறிய பிறகு வெந்நீர். தலைக்குச் சீயக்காய், உடம்புக்குக் கடலைமாவு. சோப்பு அன்றைக்கு விடுப்பு.

குளித்து வந்த பெண்கள் தலையை விரித்து உட்கார, அம்மா தூபக்காலில் கங்கு போட்டுச் சாம்பிராணி காட்டுவார். குட்டை முடிக்காரனான எனக்கு அதற்குத் தேவை இல்லை. இருந்தாலும் வரிசையில் நானும் தலையை நீட்டுவது உண்டு.

அன்றைய சாப்பாடு எளிமையானது: மிளகுக் குழம்பு, பருப்புத் துவையல், பூண்டு ரசம், சுட்ட அப்பளம். தயிர், மோர், பழம், குளிர்பானம் எதுவும் கிடையாது. வடித்த சோறு பொலபொலவென்று இருக்கும்போது அதில் மிளகுக் குழம்பை ஊற்றி, மேலே கொஞ்சம் நல்லெண்ணெய் விட்டுப் பிசைந்து சாப்பிடுவதற்கு ஈடாக எந்த விருந்தையும் நான் சொல்லமாட்டேன். பசி அப்படி இருக்கும். குளித்த பின் வரும் அந்தப் பசியும், சாப்பிட்ட பின் கண்ணைச் சுழற்றும் அந்தத் தூக்கமும்தான் எண்ணெய்க் குளியலின் முழுச் சுகம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் பகலில் தூங்கக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். தூங்கினால் தலை கனத்து, சளி பிடித்துக்கொள்ளும் என்பார்கள். எங்களை விழித்திருக்க வைப்பதற்காகவே அம்மா தரையில் சாக்கட்டியால் கட்டம் போட்டுத் தாயம் ஆட உட்கார வைப்பார். பாதி மயக்கத்தில் ஆடுகிற எங்கள் காய்களை அவர் ஈவிரக்கமின்றி வெட்டுவார். இரவு எட்டரை மணிக்கெல்லாம் படுத்தால் வருகிற தூக்கம், மற்ற நாள்களில் கைப்பேசியைப் பார்த்தபடி நள்ளிரவில் வருகிற தூக்கத்தோடு சேர்த்துப் பேசத் தகுந்ததே அன்று.

உடம்பு பிடித்துவிடுவது பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இப்போது மசாஜ் என்றதும் எல்லோரும் குளிரூட்டிய அறையையும் மெழுகுவத்தியையும் நினைத்துக்கொள்கிறார்கள். நம் சித்த மருத்துவத்தில் இதற்குத் தொக்கணம் என்று பெயர். தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என்று அதை ஒன்பது வகையாகப் பிரித்திருக்கிறார்கள். தாம்பரம் சானடோரியத்தில் 2005 முதல் இயங்கிவரும் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தில், மருத்துவர் பார்த்து எழுதிக் கொடுத்தால் இந்தச் சிகிச்சையைப் பெறலாம். கணினி முன்னால் உட்கார்ந்து உட்கார்ந்து தோள்பட்டை இறுகிப் போய்க் கிடந்த காலத்தில் ஒரு சித்த மருத்துவரிடம் நான் தொக்கணம் செய்துகொண்டேன். இளஞ்சூடான உளுந்துத் தைலத்தைத் தோளில் வார்த்து, கட்டை விரலால் கழுத்தின் அடியிலிருந்து தோள்மூட்டு வரை ஒரே திசையில் அழுத்திக்கொண்டே போனார். வலிக்கிற இடத்தில் விரல் நின்று, வலி குறைகிற வரை காத்திருந்து, அதன் பிறகே நகர்ந்தது. தேய்க்கிற வேகத்தில் எதுவும் இல்லை, அந்தக் காத்திருப்பில்தான் எல்லாம் இருக்கிறது என்று அன்றைக்குப் புரிந்தது. வீட்டில் மனைவியும் நானும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துவிடும்போது இப்போது அந்த முறையைத்தான் பின்பற்றுகிறோம்: அவசரமாகத் தேய்ப்பதில்லை, எலும்பின் மேல் அழுத்துவதில்லை, முதுகுத்தண்டைத் தொடுவதில்லை.

முடிதிருத்தகத்தில் தலைக்கு மசாஜ் செய்துவிட்டுக் கடைசியில் கழுத்தைச் சட்டென்று இரு பக்கமும் திருப்பிச் சொடுக்கு எடுப்பார்களே, அதை மட்டும் நான் அனுமதிப்பதில்லை, நீங்களும் அனுமதிக்காதீர்கள். அப்படித் திருப்பும்போது கழுத்து வழியாக மூளைக்குப் போகும் இரத்தக் குழாயின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்த நேர்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. தலையில் தாளம் போடுகிற பகுதி சுகம்தான், அதோடு நிறுத்தச் சொல்லிவிட வேண்டும். அதேபோல் காய்ச்சல், சளி, தோலில் புண், கர்ப்ப காலம் ஆகியவற்றில் மருத்துவரைக் கேட்காமல் எண்ணெய்க் குளியலோ உடம்பு பிடிப்பதோ வேண்டாம். மற்றபடி, மகள் சிறுமியாக இருந்தபோது கவிழ்ந்து படுத்திருக்கும் என் தொடையிலும் காலிலும் ஏறி மிதிப்பாள். அந்தச் சின்னப் பாதங்களின் எடைக்குச் சமமான சிகிச்சையை எந்த நிலையத்திலும் காசு கொடுத்து வாங்க முடியாது. இப்போது அவள் வளர்ந்துவிட்டாள், கூலி கேட்கிறாள்.

இனி ஞாயிறு. முந்தைய நாள் சீக்கிரம் படுத்த பலன், விடியும் முன்பே விழிப்பு வந்துவிடும். காசிமேடு மீன்பிடித் துறைமுகம் எங்கள் வீட்டிலிருந்து வண்டியில் சிறிது நேரப் பயணம்தான். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் அங்கே கால் வைக்க இடம் இருக்காது. கூடை கூடையாக ஏலம் போகும். ஏலத்தில் எடுத்தவர்கள் அங்கேயே கூறு கட்டியும் எடை போட்டும் விற்பார்கள். வஞ்சிரத்தைச் சுற்றித்தான் எப்போதும் கூட்டம். அது வறுக்க நல்ல மீன், மறுக்கவில்லை. ஆனால் குழம்புக்குச் சங்கராவோ நெத்திலியோ கொடுக்கிற ருசியை அது கொடுப்பதில்லை என்பது என் முடிவு. முள் குறைவு என்பதற்காகவே பலர் அதற்கு விலை கொடுக்கிறார்கள். செவுளைத் தூக்கிப் பார்த்தால் செக்கச்செவேல் என்று இருக்க வேண்டும், கண் பளபளப்பாகப் புடைத்திருக்க வேண்டும், விரலால் அழுத்தினால் குழி விழாமல் சதை எழும்ப வேண்டும். இந்த மூன்றையும் பார்க்கக் கற்றுக்கொடுத்தவர் அம்மா. இப்போது மகள் எனக்கு முன்னால் செவுளைத் தூக்குகிறாள். வாங்கிய மீனை அங்கேயே கொடுத்தால், அரிவாள்மனை முன்னால் உட்கார்ந்திருக்கும் அக்காமார்கள் பேசிக்கொண்டே செதில் நீக்கித் துண்டு போட்டுக் கொடுத்துவிடுவார்கள். தலையைத் தனியாகக் கட்டித் தரச் சொல்ல மறந்துவிடக் கூடாது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள், மீன்கள் முட்டையிடும் காலம் என்பதால் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகத் தடை உண்டு. அந்த நாள்களில் பெரிய மீன்களின் விலை ஏறிவிடும், எங்களைப் போன்றவர்கள் வஞ்சிரத்தின் பக்கமே திரும்ப மாட்டோம். ஆனால் கரையோரத்தில் மீன்பிடிக்கும் சிறிய ஃபைபர் படகுகள் கொண்டுவரும் நெத்திலியும் காரப்பொடி என்ற சிறு மீனும் கிடைக்கும். மாங்காய்க் காலமும் அதுவே என்பதால், ஆண்டின் மிகச் சிறந்த நெத்திலி மாங்காய்க் குழம்பு எங்கள் வீட்டில் இந்தத் தடைக் காலத்தில்தான் கொதிக்கிறது.

குழம்பு என் பொறுப்பு. மண்சட்டியில் நல்லெண்ணெய் ஊற்றி, வெந்தயம் சிவந்ததும் சின்ன வெங்காயத்தையும் பூண்டையும் முழுசாகப் போட்டு வதக்கி, தக்காளி குழைந்த பிறகு மிளகாய்த்தூளும் மல்லித்தூளும் கலந்த பழைய புளிக் கரைசலை ஊற்றுவேன். இங்கேதான் பொறுமை வேண்டும். பச்சை வாசனை போய், குழம்பு சுண்டி, ஓரங்களில் எண்ணெய் பிரிந்து நிற்கிற வரை மீனைச் சட்டியின் பக்கமே கொண்டுவரக் கூடாது. வார நாள்களில் செய்கிற குழம்புக்கு அந்த ருசி வராததற்கு, இந்தக் கட்டத்தில் நாம் காட்டுகிற அவசரமே காரணம் என்பேன். எண்ணெய் பிரிந்ததும் மாங்காய்த் துண்டுகளைப் போட்டு, அவை அரைவேக்காடு ஆனதும் மீனைச் சேர்க்க வேண்டும். அதன் பிறகு கரண்டிக்கு வேலை இல்லை. துணியால் சட்டியின் விளிம்பைப் பிடித்து மெல்லச் சுழற்றிவிட்டால் போதும், மீன் உடையாது. சில நிமிடங்களில் அடுப்பை அணைத்துக் கறிவேப்பிலையைக் கிள்ளிப் போட்டு மூடிவிடுவேன்.

மதியம் அந்தக் குழம்பைச் சோற்றோடு சாப்பிடுவோம், ஆனால் வயிறு முட்டச் சாப்பிட மாட்டோம். வேண்டுமென்றே பாதியை நிறுத்தி வைப்போம். புளியும் காரமும் மீனுக்குள் இறங்குவதற்கு ஓர் இரவு தேவைப்படுகிறது. குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் எண்ணெய் உறைந்து ருசி கெடும் என்று அம்மா இரவில் ஒரு கொதி வரும்வரை சுடவைத்து மூடி வைப்பார். கோடையில் மட்டும் நான் பிடிவாதமாகப் பெட்டிக்குள் தள்ளிவிடுவேன், அந்தச் சண்டை தனி. சனிக்கிழமை மாலை ஆட்டி வைத்த மாவு திங்கட்கிழமை காலை இட்டிலி ஆகும்போது, சட்டியின் அடியில் கெட்டிப்பட்டிருக்கும் அந்தக் குழம்புதான் தொட்டுக்கொள்ள. அதில் மீன் யாருக்கு என்பதில் எங்களுக்குள் தகராறு வந்ததில்லை. குழம்பில் ஊறிப்போன மாங்காய் யாருக்கு என்பதில் மகளுக்கும் எனக்கும் வாராவாரம் வருகிறது.