ரயில் என்ஜின்ல ஒரு ஆள் போதுமா? ரிட்டயர்டு லோகோ பைலட் கிட்ட கேளுங்க

கே: சார், அசிஸ்டன்ட் லோகோ பைலட், அதாவது உதவி டிரைவர், சும்மா பக்கத்துல உக்காந்துட்டு தானே வர்றாரு?

ப: சும்மாவா! சிக்னல் தெரிஞ்சதும் நான் கைய நீட்டி "டபுள் எல்லோ"னு சத்தமா சொல்லணும், அவரும் பாத்துட்டு அதையே திருப்பி சொல்லணும். ரெட் வருது நான் வேகத்த குறைக்கலன்னா என்கிட்ட கேக்காமலே அவரே எமர்ஜென்சி பிரேக் போடலாம், அந்த உரிமை அவருக்கு இருக்கு.

கே: தூங்கிட்டா நிறுத்தத்தான் மெஷின் இருக்கே?

ப: இருக்கு தம்பி, விசிடின்னு சொல்லுவோம். ஒரு நிமிஷம் போல எதையுமே தொடலன்னா லைட் மின்னும், அப்புறம் பஸ்ஸர் கத்தும், அதுக்கும் அசையலன்னா தானா பிரேக் பிடிச்சிடும். ஆனா விடிகாலை மூணு மணிக்கு மூளை தூங்கிட்டிருக்கும், கை மட்டும் பழக்கத்துல அந்த பட்டனை அமுக்கிட்டே இருக்கும், நானே அமுக்கியிருக்கேன். கவச்னு வண்டிய தானா நிறுத்தற பாதுகாப்பு கருவி இருக்கற லைன்ல ரெட் சிக்னல தாண்ட விடாது, அது வேற விஷயம்.

கே: அண்ணே, பீச் - தாம்பரம் லோக்கல்ல முன்னாடி ஒருத்தர்தானே?

ப: ஆமா, பின்னாடி கார்டு. சுமார் ரெண்டு கிலோமீட்டர்ல அடுத்த ஸ்டேஷன், ஒன்னுன்னா ஆள் ஓடி வந்துடும். அங்க ஒருத்தர் ஓகேதான்.

கே: அப்போ எங்கதான் ரெண்டாவது ஆள் கட்டாயம் வேணும்?

ப: கூட்ஸ்ல. ஐம்பத்தெட்டு வேகன், முக்கால் கிலோமீட்டருக்கு கொஞ்சம் கம்மி நீளம். நடுக்காட்டுல, வண்டி முழுக்க போற பிரேக் பைப்ல காத்து பிரஷர் அஞ்சு கிலோவுல இருந்து சர்ருனு இறங்குது, பிரேக் தானா பிடிச்சு வண்டி நின்னுடுச்சு. டார்ச்ச எடுத்துட்டு ஜல்லி மேல தடுக்கி தடுக்கி ஒவ்வொரு வேகனா காத்து எங்க சீறுதுன்னு காத கொடுத்துக்கிட்டே போகணும், அதுவும் மழை பேஞ்சா கேக்கவே கேக்காது. நான் என்ஜின விட்டுட்டு இறங்க முடியாது, வேற யாரு போவா?

கே: வெளிநாட்டுல தனியா ஓட்டறாங்களே சார்?

ப: ஓட்டறாங்க. கனடால 2013 ஜூலை 6, லாக்-மெகாந்திக்னு ஒரு ஊர், 72 டேங்கர் கச்சா எண்ணெய், ஒரே டிரைவர். ராத்திரி மேட்டுல நிறுத்தி 7 ஹேண்ட் பிரேக்தான் போட்டுட்டு தூங்க போயிட்டாரு, அப்புறம் என்ஜின்ல தீ, அணைக்க வந்தவங்க என்ஜின நிறுத்திட்டாங்க, என்ஜின் பிரேக்க பிடிச்சு வச்சிருந்த காத்து மெல்ல இறங்கி வண்டி தானா உருண்டு ஊருக்குள்ள போயி வெடிச்சு 47 பேர் போயிட்டாங்க. இன்னொருத்தர் இருந்திருந்தா தப்பியிருக்குமான்னு விசாரணை பண்ணவங்களால உறுதியா சொல்ல முடியல. ஆனா விபத்து நடந்த அதே மாசமே அபாயகரமான சரக்குக்கு ரெண்டு பேர் வேணும்னு கனடா அரசு உத்தரவு போட்டுடுச்சு.

கே: ரெண்டு பேர் இருந்தா இங்க அப்படி நடக்காதுல்ல?

ப: ஜம்மு பக்கம் கதுவால நடந்தது ஞாபகம் இருக்கா மா? 2024 பிப்ரவரி 25. அந்த கூட்ஸுக்கும் ரெண்டு பேர்தான், ரெண்டு பேருமே இறங்கிட்டாங்க, வண்டி மட்டும் ஆளில்லாம கிளம்பி 70 கிலோமீட்டருக்கு மேல ஓடி பஞ்சாப்ல போயி நின்னுச்சு, தண்டவாளத்துல மரக்கட்டைய போட்டு நிறுத்தினாங்க.